வளைவின் வெளிப்பக்கம்

2024 ஏப்ரல் 21ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவை பொக்ஸ் ஹில் மண் ஓடுபாதையில் ஒரு பந்தயக் கார் கவிழ்ந்தது. பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கப் பந்தய உதவியாளர்கள் மஞ்சள் கொடியை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வந்த இன்னொரு கார் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்ற சனத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் மரணம். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுப் பிள்ளை. நான்கு பேர் பந்தய உதவியாளர்கள். காயப்பட்டவர்கள் இருபதுக்கு மேல். ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொவிட்டும் சேர்ந்து ஐந்து வருடம் நிறுத்தி வைத்திருந்த போட்டி அது. சாரதிகள் இருவரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். இராணுவம் விசாரணைக் குழு அமைத்தது. இப்படியொரு செய்தி வந்தால், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தேநீர்க் கடைகளில் வழக்கமாக இரண்டு தீர்ப்புகள்தான் கேட்கும். ஒன்று, ஓடத் தெரியாதவன் கையில் காரைக் கொடுத்தால் இப்படித்தான் என்பது. மற்றது, அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்பது.

இரண்டு தீர்ப்புமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. விலகிய கார் போன இடத்தில் ஏன் ஆட்கள் நின்றார்கள்? வேகமான கார் கட்டுப்பாட்டை இழப்பது ஒரு அதிசயம் போலவும், அதைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் போலவும் நாம் பேசுகிறோம். உண்மையில் அது அடிக்கடி நடக்கக்கூடிய, எதிர்பார்த்தே இருக்கவேண்டிய விடயம். அது நடப்பதற்கான வாய்ப்பைக் கூட்டுவதும், நடந்தபின் சாவாக மாற்றுவதும் ஒரே காரணிதான்: பக்கத்தில் நிற்கும் கூட்டம். பார்க்க வந்தவர்களின் தலையில் பழியைக் கட்டுவதாக இதை எடுக்கக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பழியும் இல்லை. சட்டத்தின் முன் பொறுப்பு சாரதிக்கும் ஏற்பாட்டாளருக்கும்தான். ஆனால் யார் பொறுப்பு என்பது ஒரு கேள்வி, எதனால் நடந்தது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதுக்குப் பதில் தேட டயரிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒரு காரை வீதியோடு பிணைத்து வைத்திருப்பவை, நான்கு டயர்களும் தாரைத் தொடும் நான்கு இடங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ஸ்போர்ட்ஸ் காரின் அகல டயரென்றால் இன்னும் கொஞ்சம் பெரிது. காரை இழுப்பதும் நிறுத்துவதும் திருப்புவதும் இந்த நான்கு உள்ளங்கைகள்தான். டயருக்கு இருக்கும் பிடி மடியில் முடிந்து வைத்த காசு மாதிரி. இழுவைக்குச் செலவழித்தது போகத்தான் திருப்பத்துக்கு மிஞ்சும். நம்மூரில் நிறையப் பேர் வைத்திருக்கும் வெகன் ஆர் காரில் 660 சிசி எஞ்சின், குதிரைவலு ஐம்பது சொச்சம். அக்சிலேட்டரை அடிமட்டம் வரை அழுத்தினாலும் காய்ந்த தாரில் அந்த மடிக்காசு முழுதாகத் தீராது. 2015க்குப் பிறகு வந்த வி8 ஃபோர்ட் மஸ்டாங்கில் 400 குதிரைவலுவுக்கு மேல். முதல் கியரில் அதன் எஞ்சின் பின்சில்லுகளுக்குக் கொடுக்கக்கூடிய இழுவை, அந்த டயர்கள் தாங்கக்கூடியதைவிட மிக அதிகம். எவ்வளவு கொடுப்பது என்பதை முடிவுசெய்வது சாரதியின் வலது பாதம் அசையும் இரண்டு அங்குலம். அதிலும் டயர் குளிர்ந்திருந்தால் பிடி இன்னும் குறைவு. பந்தயப் பாதைக்கென்று செய்த டயர்கள் நன்றாகச் சூடேறினால்தான் தாரைப் பிடிக்கும். கார்க்காரர்கள் ஒன்றுகூடித் தங்கள் கார்களைக் காட்டும் கார்க் கூடலில் மூன்று மணிநேரம் நிறுத்திவைத்து, பொனட்டைத் திறந்து காட்டிவிட்டு, அப்படியே வெளியே எடுக்கும் காரின் டயர் ஆறிப்போயிருக்கும்.

வெளியே எடுக்கும் அந்த நேரத்தைத்தான் கிட்ட நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இப்படியான விபத்துகளில் பல அங்கேதான் நடக்கின்றன. கார் வளவுக்குள் இருந்து கேட்டைத் தாண்டி வீதிக்குத் திரும்புகிறது. ஸ்டியரிங் இன்னும் நேராகவில்லை. இரண்டு பக்கமும் ஃபோன்கள் உயர்ந்திருக்கின்றன. சாரதி அக்சிலேட்டரை அமத்துகிறார். பின்டயர்கள் தங்கள் பிடி முழுவதையும் இழுவைக்குக் கொடுத்துவிடுகின்றன. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. காரின் பின்பக்கம் வெளியே வீசுகிறது. இதுவரை நடந்தது கூட்டத்துக்கு விருந்து. அடுத்து நடப்பதுதான் விபத்து. பயந்துபோன சாரதி காலைச் சட்டென்று எடுக்கிறார். காலை எடுத்ததும் காரின் பாரம் முன்னுக்குப் போகிறது. வயலில் உழவு மெசினின் கிளச்சைச் சடாரென்று விட்டால் முன்சில்லு மேலே எழும்புவதை நம் பக்கத்தில் காணாதவர் குறைவு. பாரம் பின்னுக்குப் போவதால் அது நடக்கிறது. இங்கே அதே கணக்குத் தலைகீழாக வேலைசெய்கிறது: பின்பக்கம் இலேசாகி, இருந்த கொஞ்சப் பிடியும் போய்விடும். ஸ்டியரிங்கை மறுபக்கம் ஒடித்துச் சமாளிக்கப் பார்ப்பவருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. வழுக்கிக்கொண்டிருந்த பின்டயர் திடீரென்று தாரைப் பிடித்துவிடும். அந்தக் கணத்தில் முன்சில்லு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமே கார் எறியப்பட்ட மாதிரிப் பாயும். மறுபக்கம் ஒடித்த ஸ்டியரிங் என்றால் பாய்ச்சல் மறுபக்க நடைபாதைக்கு. நின்ற நிலையிலிருந்து இரண்டு வினாடியில் 50 கி.மீ. வேகத்தைத் தொடும் கார் அதற்குள் 14 மீற்றர் கடந்திருக்கும். ஆபத்தைக் கண்டு பிரேக்குக்குக் கால் போகவே மனிதனுக்கு ஒரு வினாடி அளவு தேவை. அந்த வேகத்தில் ஒரு வினாடி என்பது இன்னுமொரு 14 மீற்றர்.

இதில் ஒரு கசப்பான விடயம் இருக்கிறது. காலை எடுப்பது முட்டாள்தனம் அல்ல. அந்தச் சாரதி வாழ்நாளெல்லாம் சரியாகப் படித்துவைத்த பாடம் அது. வெகன் ஆர், ஆல்டோ, விட்ஸ் எல்லாம் முன்சில்லு இழுக்கும் கார்கள். வளைவில் வேகம் கூடிவிட்டால் அவை நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் சொல்கேட்டுத் திரும்பிவிடும். வருடக்கணக்காகக் காலில் ஊறிய அந்தப் பழக்கமே பின்சில்லு இழுக்கும் பலசாலிக் காரில் எமனாகிறது. புதுப் பழக்கம் வேண்டுமென்றால் ஆளில்லாத விசாலமான இடத்தில் பலமுறை வழுக்கிப் பார்த்துத்தான் படிக்கவேண்டும். காருக்குக் காசு கட்டுகிறவர்களில் அந்தப் படிப்புக்குக் காசு கட்டுகிறவர்கள் குறைவு.

இனிக் கூட்டத்தின் கண்களுக்கு வருவோம். 1969இல் ரொபர்ட் ஸாயொன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கரப்பான் பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். நேரான பாதையில், வேறு கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பூச்சி இன்னும் வேகமாக ஓடியது. திரும்பிப் போகவேண்டிய சிக்கலான பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது தடுமாறி நேரமெடுத்தது. பூச்சிக்கும் மனிதனுக்கும் முடிச்சுப் போடலாமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் மனிதர்களை வைத்து அதற்கு முன்னரும் பின்னரும் செய்த ஆய்வுகள் சுட்டுவதும் அதைத்தான்: பிறர் பார்க்கும்போது ஊறிப்போன செயல் வேகமாகவும் பலமாகவும் வெளிவரும்; கைவராத செயல் கெட்டுப்போகும். கேட்டடியில் நிற்கும் சாரதியை இதில் வைத்துப் பாருங்கள். அமத்துவது எளிது, அது கூடுகிறது. வழுக்கும் காரை நிதானமாக மீட்பது கடினம், அது கெடுகிறது. அந்த இடத்தில் முந்திக்கொண்டு வருவது காலை எடுக்கும் பழைய பழக்கம். 2005இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லோரன்ஸ் ஸ்டைன்பேர்க்கும் 306 பேரைக் கொண்டு செய்த ஆய்வு வயதையும் சேர்த்துப் பார்த்தது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில், பதின்ம வயதினரும் இருபதைச் சுற்றிய இளைஞர்களும் தனியே இருந்ததைவிடக் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது கூடுதலாகத் துணிந்தார்கள். மூத்தவர்களிடம் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. மச்சான்மார் பின்சீற்றில் ஏறியதும் ஓட்டம் மாறுவது எந்த உம்மாவுக்கும் ஆய்வு இல்லாமலே தெரிந்த சங்கதிதான்.

ஓடத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் நடக்காது என்பது முதல் மறுப்பு. மோல்டாவில் 2015 ஒக்டோபர் 4ஆம் திகதி நடந்ததை அதற்கு எதிரே வைக்கலாம். தருமத்துக்குப் பணம் சேர்க்கும் கார்க் காட்சி அது. போர்ஷே 918 ஸ்பைடர் ஒன்று கூட்டத்துக்கு முன்னால் சீறிக்கொண்டு போய், விலகி, பார்வையாளர்மேல் ஏறியது. இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அந்தக் கார் 887 குதிரைவலு கொண்டது. நான்கு சில்லும் இழுக்கும். அன்றைக்குக் கிடைத்த உச்ச மின்னணுக் காவல் எல்லாம் அதில் இருந்தது. காரோட்டியவர் இப்படியான கார்களுக்குப் புதியவரும் அல்ல. நடிகர் போல் வோக்கர் இறந்தது 2013 நவம்பர் 30ஆம் திகதி, அதுவும் ஒரு நிவாரண நிதிக் கூடலிலிருந்து சற்று ஓடிப்பார்க்கப் போன இடத்தில். ஓட்டியவர் பந்தய அனுபவம் உள்ள நண்பர். 605 குதிரைவலுப் போர்ஷே கரேரா ஜிடி; வழுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடு அந்தக் காரில் கிடையாது; டயருக்கு ஒன்பது வயது. வேகம் மணிக்கு 130 கி.மீ.க்கும் 150 கி.மீ.க்கும் இடையில் இருந்ததென்றும், இயந்திரக் கோளாறு எதுவும் இல்லையென்றும் விசாரணையாளர்கள் சொன்னார்கள். திறமை ஆபத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் திறமைசாலி தன் எல்லைக்கு இன்னும் கிட்டப் போய்த்தான் ஓட்டுவார். எல்லைக்கு அப்பால் அவருடைய டயருக்கும் அதே மடிக்காசுதான்.

அப்படியென்றால் மின்னணுவை நம்பலாமே என்பது அடுத்த மறுப்பு, அதில் பாதி நியாயம் உண்டு. 1995இல் மெர்சிடிஸ் காரில் முதலில் வந்த அந்த வழுக்கல் தடுப்பு ஏற்பாடு, கார் வழுக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து, எஞ்சினின் வலுவையும் குறைக்கிறது. உலகத்தில் எத்தனையோ உயிரை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. இருக்கும் பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் முடியும். அதோடு பெரும்பாலான வேகக் கார்களில் அதை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. டயர் புகையைக் காட்டவேண்டுமென்றால் முதலில் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான். வெறும் வீதியில் அதை அணைக்க யாருக்கும் பெரிய காரணமில்லை. பார்ப்பதற்கு ஆள் நின்றால் காரணம் வந்துவிடுகிறது.

மோட்டார் பந்தயத்தின் சரித்திரத்தைப் பார்த்தால், சாரதியைத் திருத்தி மட்டும் அது பாதுகாப்பானதாகவில்லை என்பது தெரியும். 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லெ மான்ஸில் ஒரு கார் துண்டுதுண்டாகக் கூட்டத்துக்குள் பறந்து எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரைக் கொன்றது. 1986 மார்ச்சில் போர்த்துக்கல் ரலிப் போட்டியில் சனம் வீதியிலேயே நின்றது. கார் வரும்போது கடைசி நொடியில் விலகுவதுதான் அவர்களுக்கு விளையாட்டு. ஜோவாக்கிம் சாந்தோஸ் என்ற சாரதி, வழியில் நின்றவர்களைத் தவிர்க்க ஒடித்தபோது அவருடைய ஃபோர்ட் கார் கைமீறிப்போய் மூன்று பேரைக் கொன்றது. கூட்டம் காரணமாகவும் பலியாகவும் ஒரே நொடியில் ஆன சம்பவம் இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது. இன்றைக்கு ஃபார்முலா வன் போட்டி எதையாவது எடுத்துப் பாருங்கள். உலகத்திலேயே கெட்டிக்கார இருபது பேர் சொச்சம்தான் ஓடுகிறார்கள். ஆனாலும் ஒரு வார இறுதிக்குள் யாராவது ஒருவர் சுழன்று பாதைக்கு வெளியே போவார். அரங்கில் இருப்பவர் குளிர்பானத்தைக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஏனென்றால் அவருக்கும் காருக்கும் இடையில் சரளைப் பரப்பு, டயர் அடுக்கு, கொங்கிரீட் சுவர், கம்பி வேலி எல்லாம் இருக்கின்றன. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஓகஸ்ட் 31, செப்டம்பர் 1ஆம் திகதிகளில் ஃபார்முலா ஃபோர் நடத்தியபோதும், சாதாரண நகர வீதியில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றருக்குச் சுவரும் வேலியும் எழுப்பித்தான் காரை விட்டார்கள். கார் விலகும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு கட்டிய ஏற்பாடுகள் இவை. கார்க் கூடலில் சனத்துக்கும் காருக்கும் இடையில் இருப்பது ஆறங்குல நடைபாதைக் கல்.

கல்முனையில் ஏது மஸ்டாங், ஏது போர்ஷே என்று ஒருவர் கேட்கலாம். 2020 மார்ச்சில் மூடிய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது; வரியைப் பார்த்தாலே பலருக்குத் தலைசுற்றும். எண்ணிக்கையில் அவர் சொல்வது சரி. ஆனால் பொக்ஸ் ஹில்லில் சனத்துக்குள் புகுந்ததும் கோடீஸ்வரனின் சுப்பர் கார் அல்ல. நம் கரையோரத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக வரும் ஏ4 பெருந்தெரு பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று ஊர்களுக்கு நடுவாலேயே மட்டக்களப்புக்குப் போகிறது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நெருக்கியடித்த வீடுகளும் கடைகளும். காட்டவேண்டும் என்று நினைப்பவனுக்கு இதைவிட நீளமான மேடை கிடையாது. பார்க்க ஆளுக்கும் பஞ்சமில்லை. பெருநாள் பின்னேரத்தில் கடற்கரை வீதிகளில் முன்சில்லைத் தூக்கிப் பைக் ஓட்டுகிறவனுக்கு மஸ்டாங்காரனின் அதே கணக்குதான், மூன்று உள்ளங்கை குறைவாக.

பிடியைத் தின்னும் பொருட்களும் நம்மிடம் தாராளம். கடற்காற்று அள்ளிப்போடும் மணல் தார் விளிம்பில் படிந்து கிடக்கிறது. அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயப்போடுகிறோம். அள்ளியபின்னும் சிதறிக் கிடக்கும் மணிகள் டயருக்கடியில் குண்டுமணிபோல உருளும். ரீபில்ட் டயரும், வயது தெரியாமல் வாங்கும் பாவித்த டயரும் வேறு. டயரின் பக்கச் சுவரில் குனிந்து பார்த்தால் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1415 என்று இருந்தால் 2015ஆம் ஆண்டின் 14ஆவது கிழமையில் செய்தது என்று பொருள். பூ நன்றாக இருக்கிறதே என்று நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வாங்கும் பலர் அந்த இலக்கத்தைப் பார்ப்பதில்லை. ரப்பர் காய்ந்து இறுகிப்போனால் பூ எவ்வளவு ஆழமாக இருந்தும் பிடி வராது. வோக்கர் போன காரின் டயரும் வயதாகிப்போன டயர்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும் தடைசெய்துவிட்டால் என்ன? சுவிட்சர்லாந்து லெ மான்ஸுக்குப் பிறகு அதைத்தான் செய்தது. சுற்றுப்பாதைப் பந்தயத்துக்கு அங்கே அறுபது வருடத்துக்கு மேல் தடை இருந்தது. சந்தைத் தெருவில் வித்தை காட்டுவதைத் தடுக்கச் சட்டம் இப்போதே போதும். ஊருக்குள் வேக எல்லை 50 என்று எழுதியே இருக்கிறது. ஆனால் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலிருந்து நடக்கும் நாடு இது. ஏப்ரல் வந்தால் நுவரெலியாவுக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போகும் ஆசையை ஒரு சுற்றறிக்கையால் துடைத்துவிட முடியாது. துடைக்கப் பார்த்தால் அது இரவு பதினொரு மணிக்கு, விளக்கில்லாத வயல் வீதிக்குப் போகும். அங்கே மஞ்சள் கொடி பிடிக்கக்கூட யாரும் இருக்கமாட்டார்கள். நாட்டம் என்று சொல்லி விட்டுவிடுவதும் இந்த ஊர்களுக்குப் பொருந்தாது. ஒட்டகத்தை முதலில் கட்டச் சொன்ன கதையைக் குத்பாவில் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. இங்கே கட்டவேண்டியது கயிறுதான், அதுவும் சரியான இடத்தில்.

சரியான இடம் எது என்பதற்குப் பெரிய பொறியியல் வேண்டாம். வளைவில் பிடி விட்ட கார் பெரும்பாலும் போவது வளைவின் வெளிப்பக்கத்துக்கு. கேட்டிலிருந்து இடது பக்கம் திரும்பும் காரென்றால், வீதிக்கு அப்பால், கேட்டுக்கு நேரெதிரே உள்ள ஓரமும் அதிலிருந்து இடப்புறம் நீளும் பகுதியும்தான் அது. முதலில் காலியாக்கவேண்டிய நிலம் அதுவே. ஆனால் ஃபோனில் படமெடுக்கிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் வாய்ப்பானது. காரின் முகம் முழுவதாகத் தெரியும், புகை பின்னால் எழும்பும், வெளிச்சமும் நன்றாக விழும். அதனால் எந்தக் கூடலிலும் முதலில் நிறைவது அந்த ஓரம்தான். உயரம் போதாத பிள்ளைகளை எல்லோருக்கும் முன்னால் விடுவதும் அங்கேதான்.